டொக்டரைப் பார்க்க மணிக்கணக்கில் காத்திருந்த அனுபவம் உண்டா? என்ன செய்தீர்கள்?

கேள்வி கேட்டவர் மாலை ஐந்து மணிக்கு நேரம் வாங்கிக்கொண்டு போய் ஏழரை வரை உட்கார்ந்திருக்கிறார். உள்ளே போனதும் இரண்டே நிமிடத்தில் மருந்து எழுதி அனுப்பிவிட்டார்களாம். அந்தக் கோபம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

நான் இலங்கையின் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறார். பல வருஷமாக அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மாதம் ஒரு தடவை டவுனில் உள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக். போய் வந்தால் "எப்படிம்மா?" என்று கேட்பேன். "எப்பவும் போலத்தான்" என்பார். அந்த "எப்பவும் போல" எப்படிப்பட்டது என்பதை 2023 மார்ச்சில்தான் கூடப் போய்ப் பார்த்தேன்.

கிளினிக் கொப்பியில் எல்லோருக்கும் ஒரே நேரம்தான் எழுதியிருக்கும்: காலை 8 மணி. எங்கள் மேல் டிவிஷனிலிருந்து முதல் பஸ் 6.20க்கு. வளைவுகளில் இறங்கி, சந்திக்குச் சந்தி ஆளேற்றி, டவுனுக்கு வரும்போது ஏழே முக்கால். டவுனில் இருக்கிறவர்கள் ஐந்தரைக்கே வந்து வரிசையில் நின்றுவிடுவார்கள். நம்பர் துண்டு வந்த வரிசைப்படிதான். அன்றைக்கு அம்மாவுக்குக் கிடைத்தது 94. போன மாதம் 88, அதற்கு முந்திய மாதம் 101 என்று அம்மா சொன்னார். முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்றால் நியாயமாகத்தான் கேட்கிறது. ஆனால் எங்கள் பஸ்ஸில் வருகிற எவருக்கும் எந்த மாதமும் அறுபதுக்குள் நம்பர் கிடைத்ததில்லை. கிடைக்கவும் முடியாது. ஐந்து பேர் சேர்ந்து விடிய நாலு மணிக்குத் திரீவீல் பிடித்துப் போனால்தான் உண்டு. அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா. கிளினிக் நாளில் அதுவும் இல்லை, அன்றைக்குப் பேர் விழாது. சம்பளத்தையும் விட்டுத் திரீவீலுக்கும் பங்கு கொடுக்க யாரால் முடியும்?

அன்றைக்கு வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்று கொப்பியில் எழுதியிருந்தது. அம்மா முதல் நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டது. தேங்காய் ரொட்டி இரண்டைத் தாளில் சுற்றிப் பையில் வைத்திருந்தார், இரத்தம் எடுத்த பிறகு சாப்பிட. இரத்தம் எடுக்கிற ஜன்னலிலும் அதே நம்பர்தான். பத்து மணியிருக்கும், அறுபத்தேழோ அறுபத்தெட்டோ போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். கை நடுங்கியது. திரும்பிப் பார்த்தால் நெற்றியிலும் மேலுதட்டிலும் முத்து முத்தாக வேர்வை. வெளியே மூடுபனி இன்னும் விலகவில்லை. எல்லோரும் ஸ்வெட்டரைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் அம்மாவுக்கு வேர்க்கிறது.

"கண்ண இருட்டிக்கிட்டு வருது பாப்பா."

பக்கத்து வாங்கிலிருந்த அக்கா ஒருவர் ஒன்றும் கேட்காமல் டொபியொன்றைப் பிரித்து அம்மாவின் வாயில் வைத்தார். அவரும் சீனிக்காரர், பார்த்ததும் விளங்கிவிட்டது. நான் ஓடிப்போய் கன்டீனில் சீனி நிறையப் போட்ட சாயத்தண்ணி வாங்கி வந்தேன். கால் மணி நேரத்தில் அம்மாவின் முகம் தெளிந்தது. பிறகுதான் விசாரித்தேன். காலை ஐந்தரைக்கு வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். "டொக்டர் ஐயா மருந்த ஒருநாளும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல?" என்றார். சீனியைக் குறைக்கிற மாத்திரைகளில் சில வகையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். வெறும் வயிற்றுச் சோதனை நாளில் எந்த மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும், எப்போது போட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. சிங்களத்தில் சொல்லியிருக்கலாம். அது சொன்னதாகுமா?

இதை வாசிக்கிறவர்கள் வீட்டில் சீனி வருத்தக்காரர் யாராவது இருந்தால் இந்த ஒன்றை மட்டும் உங்கள் டொக்டரிடம் கட்டாயம் கேட்டுவையுங்கள். பையில் டொபி இரண்டும் இருக்கட்டும்.

சாயத்தண்ணி குடித்ததால் இரத்தம் எடுக்க முடியாது, அடுத்த மாதம் பார்ப்போம் என்றார் அந்த ஜன்னலில் இருந்த மிஸ். அவர் சொன்னதில் பிழையில்லை, சாப்பிட்ட பிறகு எடுத்தால் கணக்கு மாறும். ஆனால் பிழையில்லாத அந்தப் பதிலால் அம்மாவின் ஒரு மாதம் போனது.

டொக்டர் வார்டுகளைப் பார்த்துவிட்டு ஒன்பதரைக்குத்தான் கிளினிக்குக்கு வந்தார். ஒரே டொக்டர், நூற்றுக்கும் மேல் ஆட்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ டொக்டர்மார் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் தலையில்தான் எல்லாம் விழுகிறது. அதை நான் மறுக்கவில்லை. அம்மாவின் முறை வந்தபோது 11.50. கூட வந்தவர்கள் உள்ளே வரக்கூடாது என்று என்னைக் கதவருகில் நிறுத்திவிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது.

"கொஹொமத அம்மே?" என்றார் டொக்டர். எப்படி அம்மா என்று கேட்கிறார்.

"ஹொந்தய் மாத்தியா." நல்லாயிருக்கேன் ஐயா.

அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். அதனால் யார் எதைக் கேட்டாலும் அவர் நல்லாயிருக்கிறார். அப்போது மூன்று மாதமாகவே அவருடைய வலது பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. இரண்டு கிழமைக்கு முன்னால் கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சி குத்தியிருக்கிறது, தெரியவில்லை. சாயந்தரம் செருப்பு பிசுபிசுவென்று ஒட்டியபோதுதான் இரத்தத்தைப் பார்த்திருக்கிறார். சீனிக்காரருக்குக் காலில் உணர்ச்சி போவதும், தெரியாமல் புண் வருவதும், அது ஆறாமல் விரலையே எடுக்கிற நிலைக்குப் போவதும் எங்கள் லயத்திலேயே, தொழிலாளர் வரிசை வீடுகளிலேயே, பார்த்த கதை. அதைக் காட்டத்தான் அன்றைக்கு அவர் முக்கியமாகப் போனது.

வெளியே வந்ததும், "கால காட்டுனீங்களாம்மா?" என்றேன்.

"காட்டத்தான் செருப்பக் கழட்டக் குனிஞ்சேன் பாப்பா. நிமுந்து பாத்தா அடுத்த ஆளு ஒக்காந்துட்டாங்க."

திரும்ப உள்ளே போகப் பார்த்தேன், விடவில்லை. சண்டை பிடித்திருக்க வேண்டும். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தார், அடுத்த மாதமும் அதே வாசலில்தானே நிற்க வேண்டும் என்று. அதற்குப் பிறகு மருந்து ஜன்னலில் இன்னொரு வரிசை. ஒன்றே காலுக்கு எங்கள் பஸ், அதை விட்டால் நாலு மணிக்கு. மருந்து கையில் வரும்போது ஒன்று நாற்பது. இரண்டு வகை இல்லை, வெளியே வாங்கச் சொல்லித் துண்டெழுதிக் கொடுத்தார்கள். கிடைத்ததில் ஒன்று நிறம் மாறியிருந்தது. அம்மா மாத்திரைகளை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறார். வெள்ளை காலைக்கு, மஞ்சள் ராத்திரிக்கு. இந்தத் தடவை இரண்டும் வெள்ளை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு மாத்திரைப் பக்கெட்டில் சூரியனும் மற்றதில் பிறையும் வரைந்து கொடுத்தேன். அந்த ரொட்டியை அங்கேதான் சாப்பிட்டோம்.

பத்து நாளில் விரல் கறுத்து நாற்றம் வந்தது. இனி ஆஸ்பத்திரி வரிசையை நம்ப முடியாதென்று சனிக்கிழமை தனியாரில் சேனல் பண்ணினோம், அதாவது காசு கட்டி நேரம் எடுத்தோம். நாலரைக்கு வரச் சொன்னார்கள், நம்பர் 23. டொக்டர் கண்டியிலிருந்து வந்து சேர்ந்தது 6.50க்கு. எங்களைப் பார்த்தது எட்டு இருபதுக்கு. கேள்வி கேட்டவர் இருந்த அதே காத்திருப்புத்தான், காசு கொடுத்து. ஆனால் அந்த டொக்டர் தமிழில் முதலாவதாகக் கேட்டது "காலைக் காட்டுங்க அம்மா" என்று. விரல்களுக்கிடையில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பஞ்சால் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். புண்ணைச் சுத்தம் செய்து, மருந்தெழுதி, தினமும் கட்டு மாற்றச் சொன்னார். விரல் தப்பியது. கடைசி பஸ் போய்விட்டதால் திரீவீலில் வீடு வந்தோம். டொக்டருக்கு, மருந்துக்கு, திரீவீலுக்கு என்று அன்று மாலை மட்டும் போனது அம்மாவின் ஒன்பது நாள் சம்பளம்.

இதற்கெல்லாம் டவுனுக்கு ஏன் ஓட வேண்டும், தோட்டத்தில் டிஸ்பென்சரி இல்லையா என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1912 ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் வைத்தியத்தைத் தோட்டத்துரையின் பொறுப்பாக்கியது. அதனால் நாட்டுக்கெல்லாம் ஒரு சுகாதார ஏற்பாடு, தோட்டத்துக்கு வேறொன்று என்றாகிவிட்டது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992 இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகள் கைக்குப் போன பிறகும் அந்தப் பிரிவு முழுசாகத் தீரவில்லை. சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் எடுத்தது, பலதை எடுக்கவில்லை. எங்கள் டிஸ்பென்சரியில் பனடோலும் காயத்துக்குக் கட்டும் கிடைக்கும். சீனி, பிரஷர் எல்லாம் டவுனில்தான். 2017 இல் இந்திய உதவியுடன் டிக்கோயாவில் 150 கட்டில்களோடு புது ஆஸ்பத்திரிக் கட்டிடம் திறந்தார்கள், நல்ல காரியம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் வருகிறது, அதுவும் பெரிய உதவி. ஆனால் சீனி வருத்தம் அம்புலன்ஸில் போகிற வியாதியில்லை. மாதாமாதம் பஸ்ஸில் போகிற வியாதி. அந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதை நம்பர் கொடுக்கிறவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. என் கோபம் முழுக்க அங்கேதான்.

என்ன செய்தீர்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு செய்தேன். ஒன்று, கடிதம். எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழி சிங்களம் படிப்பிக்கிற டீச்சரோடு உட்கார்ந்து தமிழிலும் சிங்களத்திலும் ஆஸ்பத்திரிப் பொறுப்பதிகாரிக்கு எழுதினேன். யாரையும் குறை சொல்லவில்லை. எந்தெந்தத் தோட்டத்து பஸ் எத்தனை மணிக்கு டவுனுக்கு வருகிறது, எத்தனைக்குத் திரும்புகிறது என்று மட்டும் அட்டவணை போட்டு, எட்டு மணி, பத்து மணி என்று நேரத்தைப் பிரித்துக் கொப்பியில் எழுதிக் கொடுக்கலாமே என்று கேட்டேன். பதில் வரவில்லை. ஆனால் கிளினிக்குக்குப் பொறுப்பான சிஸ்டர் அடுத்த மாதமே ஒன்று செய்தார். இரத்தம் எடுக்கிற இடத்தில், பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வந்தவர்களை நம்பர் பார்க்காமல் முதலில் கூப்பிட்டார். ஒன்பது மணிக்கு அம்மா ரொட்டி சாப்பிட்டுவிட்டார். அந்த சிஸ்டர் வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போனதும் அது நின்றுவிட்டது. அதனால் இரண்டாம் கடிதம் போட்டிருக்கிறேன். இந்த முறை நான் மட்டுமல்ல, எங்கள் டிவிஷனிலிருந்து கிளினிக் போகிற முப்பத்தொரு பேரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.

மற்றது ஒரு தாள். பாதிக் கொப்பித் தாளில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மூன்றே வரி: என்ன கஷ்டம், எத்தனை நாளாக, எதைப் பார்க்க வேண்டும். டீச்சர் எழுதித் தருவார். அம்மாவின் முதல் தாளில் "வலது பாதத்தில் உணர்ச்சி இல்லை, தயவுசெய்து காலைப் பாருங்கள்" என்று இருந்தது. கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் பின் குத்திவிட்டேன். டொக்டர் கொப்பியைத் திறந்ததும் அதைத்தான் பார்ப்பார். பார்த்தார். அன்றைக்கு அம்மா உள்ளே ஆறு நிமிடம் இருந்தார், கதவருகில் நின்று கடிகாரம் பார்த்தேன். அதே டொக்டர்தான். இரண்டு நிமிடமாக இருந்தாலும் அது எதற்காக என்று அவருக்குத் தெரிந்தால் அவரும் மனுஷர்தானே. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இதைச் செய்து பார்க்கலாம். காத்திருக்கிற நேரத்தைக் குறைக்காது, உள்ளே கிடைக்கிற நேரத்தை வீணாகாமல் காக்கும்.

இப்போது லயத்தில் மற்றவர்களும் கேட்டு வருகிறார்கள். நாளை மறுநாள் கிளினிக், இன்று இரவு இரண்டு தாள் தயாராக வேண்டும். ஒன்று கடைசிக் காம்பரா பெரியம்மாவுக்கு, பிரஷர் மாத்திரை மாறியதிலிருந்து கால் வீக்கம். மற்றது பழைய கங்காணித் தாத்தாவுக்கு. "இருமலுக்குப் போயி ஒரு தாளா?" என்று அவருக்குச் சங்கடம். மூன்று கிழமையாக விடாத இருமல், சளி சோதிக்க வேண்டும் என்று அவருடைய தாளில் முதல் வரியாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.