வாக்கர், ஃபுல்லர், டக்கர்: மூன்று பெயர், ஒரே தொழில்

‘வாக்கர்’ என்ற ஆங்கிலக் குடும்பப் பெயரைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: வாக்கர் என்றால் ‘நடப்பவர்’ என்றுதானே அர்த்தம்? ஊர் ஊராகத் திரிந்தவர்களுக்கு வந்த பெயரா?

பதில்: இல்லை. வாக்கர் நடந்தது ஒரு தொட்டிக்குள். கம்பளித் துணியை மிதித்து இறுக்கும் தொழிலாளிக்குத்தான் அந்தப் பெயர்.

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி அப்படியே உடுத்தும் நிலையில் இருக்காது. இழைகளுக்கு நடுவே இடைவெளி தெரியும். ஆட்டு ரோமத்தின் கொழுப்பும், நூற்பதற்கு முன் தடவிய எண்ணெயும் பிசுபிசுக்கும். அதைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு, நாள்பட்ட சிறுநீரையோ ஒருவகைக் களிமண்ணையோ (நாம் முல்தானி மிட்டி என்கிறோமே, அந்த வகை) சேர்த்துக் காலால் மிதிப்பார்கள். நாள்பட்ட சிறுநீரில் உண்டாகும் அமோனியா கொழுப்பைப் பிரிக்கும். களிமண் எண்ணெயை உறிஞ்சும். மிதிக்க மிதிக்க ரோம இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, துணி சுருங்கித் தடிமனாகும். ஒரே மடிப்பில் விட்டு மிதித்தால் ஓரிடம் தடித்து, இன்னோரிடம் மெலிந்து துணி வீணாகிவிடும். அதனால் அடிக்கடி வெளியே எடுத்து, உதறி, மடிப்பை மாற்றிப் போட வேண்டும். கடைசியில் மரச்சட்டத்தின் கொக்கிகளில் மாட்டி, அகலம் சீராக வரும்படி இழுத்துக் காயப்போடுவார்கள்.

பிறகு இந்த வேலையை ஆற்றுநீர் எடுத்துக்கொண்டது. நீர்ச்சக்கரத்தால் இயங்கும் மரச்சம்மட்டிகள் துணியை இடித்தன. யார்க்‌ஷரின் நியூசமிலும் குளோஸ்டர்‌ஷரின் பார்ட்டனிலும் இப்படிப்பட்ட ஆலைகள் இருந்ததை, டெம்ப்ளர் துறவு வீரர்கள் 1185-இல் எடுத்த சொத்துக் கணக்கு பதிவு செய்திருக்கிறது. மிதிக்கும் கால்களுக்கு வேலை குறைந்த பிறகும் பெயர் நிலைத்துவிட்டது. வடக்கே அந்த ஆலையையே ‘வாக் மில்’ என்றார்கள்.

ஒரு சிறு விதிவிலக்கு உண்டு. நியூகாசிலை ஒட்டி டைன் நதிக்கரையில் வாக்கர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் குடும்பம் என்றால் ஊர்ப் பெயரிலிருந்து வந்திருக்கவும் வாய்ப்புண்டு.

கேள்வி: ஃபுல்லர், டக்கர் என்ற பெயர்களும் இதே தொழிலைச் சேர்ந்தவை என்கிறார்களே, ஒரே வேலைக்கு ஏன் மூன்று பெயர்?

பதில்: வட்டார வழக்குதான் காரணம். வடக்கிலும் மிட்லண்ட்ஸ் பகுதியிலும் வாக்கர். தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ஃபுல்லர். டெவன், சாமர்செட் உள்ளிட்ட தென்மேற்கில் டக்கர். எக்ஸிட்டர் நகரத்து நெசவாளர், துணி மிதிப்போர், துணிமேல் துருத்தும் ரோமத்தை மழிப்போர் சங்கத்தின் மண்டபம் 1471-ஐச் சேர்ந்தது. அது இன்றும் ‘டக்கர்ஸ் ஹால்’ என்ற பெயரோடு நிற்கிறது.

முன்னோரைத் தேடுபவருக்கு இது கையில் கிடைத்த வரைபடம். 1881 கணக்கெடுப்பை வைத்துப் பெயர்ப் பரவலைப் பார்த்தாலும் வாக்கர்கள் யார்க்‌ஷர், லங்காஷர் பக்கம் குவிந்திருப்பது தெரியும். டெவனில் ஒரு வாக்கர் குடும்பம் அகப்பட்டால், அவர்கள் வேறு எங்கிருந்தோ வந்தவர்களா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: அப்படியானால் எல்லா வாக்கர்களும் ஒரே வம்சமா?

பதில்: இல்லவே இல்லை. கம்பளி நெய்த ஊர்களிலெல்லாம் துணி மிதிப்பவர் இருந்தார். ஒவ்வோர் ஊரிலும் பெயர் தனித்தனியாக முளைத்தது.

1066-இல் நார்மானியர் வருவதற்கு முன் ஆங்கிலேயர் பெரும்பாலும் ஒற்றைப் பெயரோடு இருந்தார்கள். வாரிசுக்குப் போகும் குடும்பப் பெயர் முதலில் நிலப்பிரபுக்களிடம் வந்து, மெல்ல மெல்லக் கீழிறங்கி, சுமார் 1400-க்குள் பெரும்பாலான குடும்பங்களில் நிலைபெற்றது. தெற்கே முன்னதாகவும் வடக்கே பிந்தியும் இது நடந்தது. ஆகவே 1250-இல் ‘ராபர்ட் லெ வாக்கர்’ என்று ஒருவரைக் கண்டால், அது குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் செய்த வேலையாக மட்டும் இருக்கலாம். அவர் மகன் தச்சனாகியும் வாக்கர் என்றே எழுதப்பட்டிருந்தால்தான் பெயர் பரம்பரையானது என்று சொல்ல முடியும்.

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதால், மரபணுச் சோதனையும் இதில் உதவும். ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் தன் குடும்பப் பெயர் கொண்ட ஆண்களைச் சோதித்து 2000-இல் முடிவை வெளியிட்டார். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. அரிதான பெயர்களில்தான் இப்படி ஒற்றுமை வரும். ஸ்மித், வாக்கர் போன்ற பரவலான தொழிற்பெயர்களில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: வாக்கர் குடும்பம் ஒன்றின் முன்னோரைத் தேட வேண்டும். எங்கே தொடங்குவது? எங்கே தவறு நேரும்?

பதில்: தெரிந்த ஆளிடமிருந்து பின்னோக்கிப் போங்கள். புகழ்பெற்ற ஒரு பழைய வாக்கரைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கி வருவதுதான் பெரும்பாலோர் வழிதவறும் இடம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. பிறப்புச் சான்றிதழில் தாயின் பிறந்தகப் பெயரும் தந்தையின் தொழிலும் இருக்கும். அந்தக் காலத்துத் திருமணச் சான்றிதழில் மணமக்கள் இருவரின் தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும். ஒரே ஊரில் மூன்று ஜான் வாக்கர்கள் இருக்கும்போது தந்தை பெயர், தொழில், முகவரி ஆகிய மூன்றும் பொருந்தும் ஆளை மட்டும் எடுங்கள். ஒன்று பொருந்தி இரண்டு பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். தந்தை பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால், வாக்கர் என்பது தாய்வழி வந்த பெயராக இருக்கக்கூடும்.

இந்தப் பதிவுகளின் பெயர் அட்டவணைகள் காலாண்டு வாரியாக இருக்கும். பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு. ஆதலால் மார்ச் கடைசியில் பிறந்த குழந்தை ஜூன் காலாண்டில் (ஏப்ரல் முதல் ஜூன் வரை) வரலாம். தேடியது கிடைக்காவிட்டால் அடுத்த காலாண்டையும் புரட்டுங்கள்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841-இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழிறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். வசிக்கும் கவுண்டியிலேயே (மாவட்டம் போன்ற பிரிவு) பிறந்தவரா என்பதற்கு ஆம், இல்லை என்ற பதில்தான் கிடைக்கும். 1851-இலிருந்து பிறந்த பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரத்தின்) பெயரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும் சேர்ந்தன. 1837-க்கு முந்தைய காலத்துக்குப் பாலம் இந்த 1851 பதிவுதான். அதில் கிடைக்கும் பங்கின் பெயரை எடுத்துக்கொண்டு தேவாலயப் பதிவேட்டுக்குப் போங்கள்.

தேவாலயப் பதிவேடுகளை வைக்கும்படி எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் 1538-இல் ஆணையிட்டார். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றும் அவற்றில் உண்டு. உள்நாட்டுப் போரும் குடியரசும் நடந்த 1642 முதல் 1660 வரை பல ஊர்களில் பதிவு விட்டுப்போயிருக்கும். ஏடு தொலைந்திருந்தால் பேராயருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகலைக் கேளுங்கள். இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையில் சேராத குடும்பம் என்றால் ஞானஸ்நானம் அங்கே இருக்காது. அப்படிப்பட்ட சபைகள் பின்னர் ஒப்படைத்த பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஆர்ஜி 4 வரிசையில் இருக்கின்றன.

இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, தேதி. இங்கிலாந்தில் 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. 1720 மே மாதம் திருமணம், 1720 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று கண்டால் பதற வேண்டாம். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1721. இரண்டாவது, இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைக்கும் வழக்கம். ஞானஸ்நானப் பதிவைக் கண்டதும் மகிழ்ந்துவிடாமல், அடுத்த பத்தாண்டு அடக்கப் பதிவுகளையும் பாருங்கள். ஐந்து மாதத்தில் இறந்த குழந்தையை முப்பாட்டனாக்கி, அதற்கு மேல் வம்சமே கட்டிவிட்ட பட்டியல்கள் நிறைய உலவுகின்றன.

கேள்வி: ‘வாக்கர் குடும்பச் சின்னம்’ என்று கேடயப் படம் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: சுவரில் மாட்ட அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஆங்கில மரபில் கேடயச் சின்னம் தனி மனிதருக்கு வழங்கப்படுவது. அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்குத்தான் அது உரியது, அதே பெயர் கொண்ட எல்லோருக்கும் கிடையாது. இந்தச் சின்னங்களை வழங்கும் அமைப்பான, 1484-இல் நிறுவப்பட்ட லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இதைத் தெளிவாகவே சொல்கிறது.

கேள்வி: 1538-க்கு முன்னால் போக முடியுமா?

பதில்: நிலம் வைத்திருந்த குடும்பமென்றால் முடியும். குத்தகை ஒருவரிடமிருந்து அவர் மகனுக்கு மாறுவதைப் பண்ணை நீதிமன்றச் சுருள்கள் (நிலப்பிரபுவின் நீதிமன்றம் எழுதிவைத்த ஏடுகள்) பதிவு செய்தன. 1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரிப் (ஆளுக்கு ஆள் விதித்த வரி) பட்டியல்களும் உண்டு. யார்க்‌ஷர் மேற்குப் பகுதியின் 1379 பட்டியலில் பலருக்குப் பெயரோடு தொழிலும் குறித்திருக்கிறது. பெயர் ஒன்றாகவும் தொழில் வேறாகவும் இருக்கும் வரிகளைத் தேடிப் பாருங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இந்த ஆவணங்கள் பெரும்பாலும் லத்தீன். துணி மிதிப்பவருக்கு லத்தீனில் ‘ஃபுல்லோ’. ஊரார் வாக்கர் என்று கூப்பிட்டிருந்தாலும் டக்கர் என்று கூப்பிட்டிருந்தாலும், எழுத்தர் ‘யோஹான்னஸ் ஃபுல்லோ’ என்றே எழுதியிருக்கலாம். அந்த ஒரு வரியை வைத்து எந்தக் குடும்பம் என்று தீர்மானிக்காதீர்கள். அதே நிலத்தின் அடுத்த தலைமுறைப் பதிவு ஆங்கில வடிவில் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒலி மாறிய வடிவங்களையும் சேர்த்துத் தேடுங்கள். தெற்கே ஃபுல்லர் ‘வோலர்’ ஆகியிருக்கும், டக்கர் ‘டூக்கர்’ ஆகியிருக்கும்.