பையன் ராத்திரி பூரா அசீரிய அரண்மனை கட்டுறான்னு பயப்படுற அப்பாவுக்கு

சார், பிளஸ் டூ படிக்கிற பையன் புக்கை மூடி வச்சிட்டு பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல ஏதோ பழைய அரண்மனை செஞ்சிட்டு இருக்கான், நிறுத்தச் சொல்லவான்னு கேட்டிருந்தீங்க. நீங்க அனுப்பின ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் பார்த்தேன். நிறுத்தாதீங்க, ஆனா அவன் பண்ற விதம் கொஞ்சம் மாறணும்.

அது ஈராக்ல மோசூல் பக்கம் நிம்ருத்ல இருந்த வடமேற்கு அரண்மனை, கி.மு. 9ஆம் நூற்றாண்டுல அசீரிய ராஜா ரெண்டாம் அசூர்நசிர்பால் கட்டினது. 2015ல ஐஎஸ் தீவிரவாதிங்க வெடி வச்சு தகர்த்துட்டாங்க, இனிமே பழையபடி யாரும் நேர்ல பார்க்க முடியாது, அதனாலயே உங்க பையன் செய்யறது எனக்கு பெரிய விஷயமா படுது.

கேம் கம்பெனில இப்படி இடங்கள 3டியில செய்யறவங்களுக்கு என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட்னு பேரு, மார்க்ஷீட்டுக்கு முன்னாடி போர்ட்ஃபோலியோ, அதாவது செஞ்சு முடிச்ச வேலைகளோட தொகுப்பத்தான் கேப்பாங்க. முழு அரண்மனையும் வேணாம், சிம்மாசன மண்டபம் ஒண்ண மட்டும் எடுத்து முடிக்கச் சொல்லுங்க. சுமார் 45 மீட்டர் நீளம், அகலம் பத்து மீட்டர்தான், ஏன்னா மேல போடுற மர உத்திரம் அவ்ளோ தூரம்தான் தாங்கும், இவன் என்னடான்னா அழகா இருக்கும்னு அகலத்த ரெண்டு மடங்கு இழுத்து விட்டிருக்கான். வாசல்ல நிக்கிற மனுஷத்தலை சிறகுக் காளைக்கு அஞ்சு கால் சார், முன்னாடி இருந்து பார்த்தா நிக்கும், பக்கவாட்டுல பார்த்தா நடக்கும், இவன் நாலுதான் வச்சிருக்கான். மியூசியத்துல இப்ப வெறும் கல்லா தெரியுற சிற்பத்துல எல்லாம் அப்ப சிவப்பு, நீலம், கறுப்புன்னு வர்ணம் இருந்துச்சு, அதையும் பார்க்கணும். கூரை மிஞ்சல, அதனால வெளிச்சம் எந்தப் பக்கம் வந்துச்சுன்னு அவனே யோசிக்கணும், எது ஆதாரம் எது தன் யூகம்னு தனித்தனியா எழுதி படத்தோட போடட்டும், இன்டர்வியூல அவன் பேச வேண்டியதே அதுதான்.

ஒண்ண மறைக்க மாட்டேன், 2023, 24ல கேம் துறைல உலகம் பூரா நிறைய பேருக்கு வேலை போச்சு. அதனால டிகிரி கட்டாயம் வேணும். டிசைன் படிக்கணும்னா ஐஐடி டிசைன் படிப்புக்கான நுழைவுத்தேர்வு யூசீட் எழுதலாம், எந்த குரூப் எடுத்தவங்களும் எழுதலாம், நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைனுக்கு (NID) தனி எக்ஸாம். இல்லேன்னா கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்துட்டு இத கூடவே பண்ணட்டும். நூறு பர்சன்ட் வேலைன்னு போர்டு வச்சு லட்சக்கணக்குல ஃபீஸ் கேக்குற ஆறு மாச கோர்ஸ்ல மட்டும் பணத்த கட்டிடாதீங்க, பிளெண்டர் ஃப்ரீ, கேம் செய்யற அன்ரியல் என்ஜின் சாஃப்ட்வேரும் கத்துக்கிறதுக்கு ஃப்ரீதான், நியூயார்க் மெட் மியூசியம் தன்கிட்ட இருக்கிற நிம்ருத் சிற்பங்களோட படங்கள இலவசமாவே போட்டிருக்கு.

போர்டு எக்ஸாம் முடியற வரைக்கும் தினம் ஒரு மணி நேரம்னு பேசி வச்சுக்கோங்க, ராத்திரி வேணாம். முடிஞ்சதும் மும்பைக்கு ரெண்டு டிக்கெட் போடுங்க. அங்க சத்ரபதி சிவாஜி மகாராஜ் மியூசியத்துல நிம்ருத் கல் சிலது இருக்கு, ஸ்க்ரீன்ல ஜூம் பண்ணி உளித்தடம் தேடிட்டு இருக்கிற பையன் அதுக்குப் பக்கத்துல போய் நின்னு பார்க்கட்டும், நீங்களும் கூட நில்லுங்க.