மூன்று மாத சிப்பிப்பாறைக் குட்டியை வேட்டைக்கும் மோப்பத்துக்கும் எப்படிப் பழக்குவது?

மூன்று மாத சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். அதை முயல் வேட்டைக்கும், தடம் பிடித்துப் போகவும் எந்த வயதில், எப்படிப் பழக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டு ஊரில் பிறந்தவன். தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் கன்னி நாயோ சிப்பிப்பாறை நாயோ இல்லாத வருஷம் கிடையாது. நானே குட்டியிலிருந்து பழக்கியவை மூன்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் முயலை விட்டுவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல் வேட்டை குற்றம். உடும்பு, மான், மயில், காட்டுப்பன்றி என்று எதை நாய் விட்டுப் பிடித்தாலும் அப்படித்தான். "முயல் சிக்கவில்லையே, நாய் சும்மா ஓடியதுதானே" என்று பலர் சொல்வார்கள். அந்தப் பேச்சு எடுபடாது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பது கொல்வது மட்டும் இல்லை. விரட்டுவது, கண்ணி வைப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைக் கணக்கில்தான் வரும். சட்டத்தை விடுங்கள், எங்கள் காட்டில் என் சின்ன வயதில் பார்த்த முயலில் பாதிகூட இப்போது கண்ணில் படுவதில்லை. இருக்கிறது இருக்கட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்காக, வேட்டை ரத்தம் உள்ள நாயை வாசலில் சங்கிலி போட்டு வைத்திருப்பதும் பாவம். ஓட்டத்துக்கும் மூக்குக்கும் வேலை கொடுக்கலாம். உயிருள்ள எதையும் விரட்டாமலே கொடுக்கலாம். நான் இப்போது செய்வது அதுதான்.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் வேட்டையாடுகிற நாய்கள். பீகிள், பிளட்ஹவுண்ட் மாதிரி மூக்கைத் தரையில் வைத்து மணிக்கணக்கில் தடம் போகிற இனம் இல்லை. அந்தக் காலத்து வேட்டையை நினைத்துப் பாருங்கள். முயலைத் தேடியது நாய் இல்லை, ஆட்கள்தான். வரிசையாக நின்று காட்டைக் கலைத்துக்கொண்டு போவார்கள். தாத்தா புழுக்கையைப் பார்த்து, கடித்த தளிரைப் பார்த்து, "இந்தப் பொழிக்குள்ளதான் படுத்திருக்கு" என்பார். பொழி என்றால் எங்கள் பக்கம் வயல் வரப்பு. முயல் எழும்பிய பிறகுதான் நாயை அவிழ்ப்பார்கள். அதன்பிறகு எல்லாம் கண்ணும் காலும்தான். ஆகவே துரத்துவதை நீங்கள் உங்கள் குட்டிக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், அது பிறக்கும்போதே வந்துவிட்டது. தடம் பிடிப்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கொடுத்தால் நன்றாகவே படிக்கும். ஆனால் இந்த இரண்டுக்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது. கூப்பிட்டால் திரும்பி வர வேண்டும்.

இதை நான் ஒரு நாயின் காலை விலையாகக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். நானாகப் பழக்கிய முதல் நாய் வீரா, செவலை நிறம். ஏழு மாதத்திலேயே பெரிய நாய் மாதிரி ஓடினான். கார்த்திகையில் ஒருநாள் காலை, மழை விட்டதும் காட்டுக்குக் கூட்டிப்போய் அவிழ்த்துவிட்டேன். வரப்பிலிருந்து ஒரு முயல் எழும்பியது. அவ்வளவுதான், ஆள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டான். தொண்டை வலிக்கக் கத்தினேன். அவனுக்கு என் குரல் என்றால் சாப்பாடு, இல்லாவிட்டால் திட்டு. ஓடும்போது நின்று திரும்ப வேண்டும் என்று நான் ஒருநாளும் பழக்கவில்லை. இரண்டு மணி நேரம் தேடி, கைப்பிடிச் சுவர் இல்லாத ஒரு பாழ்கிணற்றின் உள்படியில் அவனைக் கண்டோம். கூடையில் கயிறு கட்டி இறக்கித் தூக்கினோம். முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேலே முறிந்திருந்தது. உயிர் பிழைத்தான். ஆனால் அந்தக் கால் நேராக வளரவே இல்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தான், ஒருநாள்கூட முழு வேகத்தில் ஓடவில்லை. அது அவன் தப்பே இல்லை, என் தப்பு.

அதனால் இன்றைக்கே ஒரு விசில் வாங்குங்கள். வாயால் சீட்டியடிக்கத் தெரிந்தால் அதுவே போதும், எந்தக் கடையிலும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு வேளையும் தட்டை வைக்கும் நேரத்தில் ஒரே மாதிரி இரண்டு முறை ஊதுங்கள். இரண்டு வாரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் குட்டி எங்கிருந்தாலும் பறந்து வரும். பிறகு முற்றத்தில், அப்புறம் வீட்டுக்குப் பின்னால், அப்புறம் பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டித் திறந்த காட்டில் என்று தூரத்தைக் கூட்டுங்கள். வந்தவுடன் கையில் ஈரல் துண்டோ முட்டையோ இருக்க வேண்டும். கொடுத்துவிட்டுத் திரும்ப விளையாட விடுங்கள். இது முக்கியம். கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் கட்டிப்போட்டால், விசில் என்றால் ஆட்டம் முடிந்தது என்று அது கணக்குப் போட்டுவிடும். கூப்பிட்டு வந்த நாயை எந்தக் காரணத்துக்காகவும் அடிக்காதீர்கள். அரை மணி நேரம் கழித்து வந்தாலும் தடவிக்கொடுங்கள்.

கூடவே ஆடு, கோழி, மாட்டுப் பழக்கமும் இந்த வயதில்தான். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தினமும் கயிற்றோடு ஆட்டுக் கிடைப் பக்கம் கூட்டிப்போய் சும்மா நில்லுங்கள். குட்டி ஆட்டைப் பார்த்துவிட்டுத் தானாக உங்கள் முகத்தைப் பார்க்கும் ஒரு கணம் வரும். அப்போது தீனி கொடுங்கள். எங்கள் பக்கம் மயில் ஏராளம், அதற்கும் இதே பழக்கம்தான். ஒருமுறை கோழியைக் கவ்வி ருசி கண்ட நாயைத் திருத்துவது பெரும்பாடு.

ஓட்டத்துக்கு வருவோம். நீளமான கால், மெல்லிய எலும்பு. ஒரு வயது வரையாவது எலும்பு முனைகள் வளர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் பைக்குப் பின்னால் ஓடவிடுவது, பெரிய நாயோடு போட்டிக்கு விடுவது எல்லாம் வேண்டாம். இப்போதைக்கு ஒரு மூங்கில் குச்சி, அதன் நுனியில் கயிறு, கயிற்றின் முனையில் பழைய துணி, அவ்வளவு போதும். தரையோடு நேராக இழுத்துக் காட்டுங்கள், சட்டென்று வளைத்துத் திருப்பாதீர்கள். ஐந்து நிமிஷம். கடைசியில் துணியைக் கட்டாயம் பிடிக்க விடுங்கள். பிடிக்கவே கிடைக்காவிட்டால் நாய்க்கு அலுத்துவிடும். பிடித்ததை உங்களிடம் விட்டுக்கொடுக்க, பதிலுக்கு ஒரு துண்டு இறைச்சி நீட்டுங்கள்.

ஒரு வயது தாண்டினால் பெரிய ஆட்டம் ஆடலாம். டயர் கழற்றிய சைக்கிள் சக்கரத்தில் நைலான் கயிறு சுற்றி, நுனியில் வெள்ளை பிளாஸ்டிக் பையைக் கட்டி, நூற்றைம்பது மீட்டர் தள்ளிக்கொண்டுபோய் வைக்க வேண்டும். சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றினால் பை முயல் மாதிரி துள்ளிக்கொண்டு வரும். நான்கு காலும் தரையை விட்டு எழும்ப, உடம்பைச் சுருக்கி, திரும்ப நீட்டி, நாய் ஓடி வருவதைப் பார்க்க வேண்டும்! இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் லைல் ஜில்லெட் என்பவர், நிஜ முயலைத் துரத்துகிற நாய்கள் முள்கம்பி வேலியில் மோதி அடிபடுவதைப் பார்த்துவிட்டு, கயிற்றில் கட்டிய வெள்ளைப் பையை இழுத்து ஓடவிடும் போட்டியை உருவாக்கினார். அதை நடத்தும் சங்கம் அங்கே தொடங்கியது 1972இல். நம் ஊரில் வன உயிரினச் சட்டம் வந்ததும் அதே வருஷம். இங்கிலாந்தில் முயலை நாய் விட்டுத் துரத்தும் போட்டிகளை 2004ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது. அதன்பிறகும் கிரேஹவுண்ட், விப்பெட் நாய்கள் அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இனி மோப்பம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், குட்டி மூன்று மாதத்திலேயே தொடங்கலாம்.

கடையில் ஒரு கோழிக்காலோ ஆட்டுக் குடல் துண்டோ வாங்கிக்கொள்ளுங்கள். அதிகாலையில், புல்லில் பனி ஈரம் இருக்கும்போது போங்கள். வெயில் ஏறி மண் காய்ந்தால் வாசனை நிற்காது. சித்திரை வைகாசி மத்தியானத்தில் முயற்சி செய்துவிட்டு, "என் நாய்க்கு மூக்கு இல்லை" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கரிசலில் நல்ல மழைக்கு அடுத்த நாளும் வேண்டாம், மண் காலில் அப்பிக்கொண்டு நாய்க்கும் நடக்க முடியாது, நமக்கும் முடியாது. புல் வரப்பு, அறுத்து முடித்த சோளத்தாள் காடு, இவை நல்ல இடம்.

இறைச்சியைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுக்க வேண்டும். நீங்களே பின்னால் இழுத்துக்கொண்டு நடந்தால் நாய் உங்கள் காலடி வாசனையைப் பிடித்துக்கொண்டு வரும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, நடுவில் இறைச்சியைக் கட்டி, அகன்று நடங்கள். தடம் தனியாக விழும். காற்று எப்போதும் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். எதிர்க்காற்று என்றால் குட்டி தலையைத் தூக்கி, கடைசியில் வைத்த இறைச்சியின் வாசனையைக் காற்றிலேயே பிடித்து நேராக ஓடிவிடும். தரையைப் படிக்கவே படிக்காது. முதல் நாள் பதினைந்து மீட்டர், நேர்கோடு. ஓரடிக்கு ஒரு சின்னத் துண்டு போடுங்கள், முடிவில் ஒரு கை நிறைய. குட்டிக்குக் கழுத்துப்பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றிக் கட்டும் வார் போடுங்கள், குனிந்து இழுக்கும்போது தொண்டை நெரியாது. தடம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, தரையைக் காட்டி, "தேடு" என்ற ஒரே ஒரு சொல். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

ஐந்து மாதத்தில் ஐம்பது மீட்டர், ஒரு வளைவு. எட்டு மாதத்தில் இருநூறு மீட்டர், போட்டு அரை மணி நேரம் ஆன தடம். ஒரு வயதில் நானூறு மீட்டர், இரண்டு மணி நேரம் ஆறிய தடம். இது என் நாய்களின் கணக்கு. உங்கள் குட்டி மெதுவாகப் போனால் அதன் போக்கிலேயே விடுங்கள். வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் வேண்டாம், இன்னும் வேண்டும் என்று துடிக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

எல்லோரும் தவறுகிற இடம் வளைவு. வேகத்தில் குட்டி வளைவைத் தாண்டி நேராகப் போய்விடும். நமக்குத் தடம் தெரியுமே, கை உடனே நீளும். நீட்டாதீர்கள். கயிற்றைப் பிடித்தபடி கல் மாதிரி நில்லுங்கள். அது தலையைத் தூக்கும், வட்டமடிக்கும், உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் திரும்பக் குனிந்து, தானே விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கும். அந்த நொடியில் வால் அசைகிற விதமே மாறும், பார்த்தாலே தெரிந்துவிடும். நீங்கள் ஒருமுறை கைகாட்டினால், அடுத்த முறை தடத்தைப் படிக்காமல் உங்கள் கையைப் படிக்கும்.

இப்போது வீட்டில் இருக்கும் கருப்பி, கன்னிப் பெட்டை, இப்படிப் படித்தவள்தான். போன ஐப்பசியில் பக்கத்துத் தோட்டத்து அத்தையின் ஆட்டுக்குட்டி ஒன்று சாயங்காலம் பட்டிக்குத் திரும்பவில்லை. அது கட்டிக் கிடந்த கயிற்றைக் கருப்பியின் மூக்கில் காட்டி, கடைசியாகப் பார்த்த வேலியோரத்தில் "தேடு" என்றேன். இரண்டு இடத்தில் தவறினாள், நின்றேன், பிடித்தாள். ஓடைக்குள் சீமைக்கருவேலம் புதரில் கழுத்துமணி சிக்கிக் கிடந்தது குட்டி. ஆட்டைப் பார்த்ததும் கருப்பி பாயவில்லை. உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை அன்றிரவு அவளுக்கென்று ஒரு கிண்ணம் பால்சோறு கொண்டுவந்து வைத்தார்.

பட்டினி போட்டால்தான் வேட்டை வரும் என்று ஊரில் சொல்வார்கள், கேட்காதீர்கள். மூன்று மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை தீனி வேண்டும். கம்பங்கூழ் நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. முட்டை, இறைச்சி, ஈரல் சேருங்கள். குடற்பூச்சி மருந்து, பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய் நோய்களுக்குத் தடுப்பூசி, மூன்று மாதம் ஆகிவிட்டதால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, எல்லாவற்றையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடியுங்கள். முடியும்வரை தெருநாய்கள் நடமாடும் இடத்தில் இறக்கிவிடாதீர்கள்.

எந்த வயதிலும் ஓட்டம் காலை ஏழு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு செக்கச்சிவந்து, நடை தள்ளாடினால் சூடு உடம்பில் ஏறிவிட்டது என்று அர்த்தம். நிழலில் போட்டு, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள். வீடு திரும்பியதும் விரல் இடுக்குகளில் நெருஞ்சி முள் பாருங்கள். அவிழ்த்துவிடும் காட்டை முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை நடந்து பாருங்கள். பாழ்கிணறு எங்கே, முள்கம்பி எங்கே, பன்றிக்காகத் திருட்டுத்தனமாக மின்கம்பி இழுத்திருக்கிறார்களா, அவுட்டுக்காய், அதாவது தீனிக்குள் வெடிமருந்து வைத்த உருண்டை, வைக்கிற ஆள் யாராவது உண்டா என்று ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. இறைச்சித் தடம் பழகிய நாய் தரையில் கிடக்கும் மாவுருண்டையைச் சட்டென்று கவ்வும். அதனால் நீங்கள் போட்ட தடத்துக்கு வெளியே கிடக்கும் எதையும் "விடு" என்றால் விடுகிற பழக்கத்தையும் இப்போதே சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

குட்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்றால், நீட்டிக் கூப்பிட வசதியாக ஒரு பெயர் வையுங்கள். "கருப்பீ", "வீரா" மாதிரி கடைசி எழுத்தை இழுக்க முடிந்தால், காற்று எதிராக அடிக்கும்போதும் இரண்டு பொழி தாண்டிக் கேட்கும்.