கேலரி நிறையுமா, கோடு பொருந்துமா? மைதானத் தேர்வு பற்றி வாசகர் கேள்விகள்

ஜூனியர் ஹாக்கி உலகக்கோப்பை 2025 நவம்பர் கடைசியில் சென்னைக்கு வந்தபோது மதுரைக்கும் ஒரு பங்கு கிடைத்தது. அன்றிலிருந்து எனக்கு வரும் கேள்விகளின் முகமே மாறிவிட்டது. முன்பெல்லாம் "பையனுக்கு என்ன ஷூ வாங்கலாம் சார்" என்பார்கள். இப்போது "அடுத்து நம்ம ஊருக்கு எது சார் வரும்?" என்கிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி ரக்பி லீக் உலகக்கோப்பையை ஒட்டியது. முப்பது வருடம் டேப்பும் சுண்ணாம்புச் சட்டியுமாக மைதானங்களில் அலைந்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

ரக்பி லீக் என்பது நாம் டிவியில் பார்க்கும் ரக்பிதானே? தனியாக எதற்கு ஒரு உலகக்கோப்பை? (கல்லூரி மாணவர், ஆனையூர்)

இரண்டும் பங்காளிகள்தான், ஆனால் 1895-லேயே பாகம் பிரித்துக்கொண்டார்கள். வடக்கு இங்கிலாந்தில் மில்லிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்த ஆட்டக்காரர்கள், ஆடப் போன நாளுக்குக் கூலி போகிறதே, அதையாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். தெற்கே இருந்த பெரிய மனிதர்கள் மறுத்தார்கள். ஹட்டர்ஸ்ஃபீல்டில் ஒரு ஓட்டலில் கூடிய வடக்குக் கிளப்புகள் தனியே போய்விட்டன. அதுதான் லீக். பழைய வீட்டிலேயே இருந்தவர்களின் ஆட்டம் யூனியன். யூனியனில் 15 பேர், லீக்கில் 13 பேர். லீக்கில் எதிரணி ஆறு முறை கட்டிப் பிடிப்பதற்குள் காரியத்தை முடிக்க வேண்டும். கபடி பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபடும்: ஓடுகிறான், மூன்று பேர் கட்டிப் பிடிக்கிறார்கள், விழுகிறான், எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டுகிறான், மறுபடி ஓட்டம்.

இந்தப் பழைய பங்காளிச் சண்டையை நான் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. லீக்குக்கு உயிரைக் கொடுக்கும் ரசிகர்கள் உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. இங்கிலாந்தின் வடபகுதி, சிட்னி, பிரிஸ்பேன், நியூசிலாந்து, பசிபிக் தீவுகள், பாப்புவா நியூ கினியா, பிரான்சின் தெற்குப் பகுதி என்று சில இடங்களில் திட்டுத் திட்டாக இருக்கிறார்கள். மைதானம் தேடுகிறவர் முதலில் விரிக்க வேண்டியது இந்த வரைபடத்தைத்தான்.

பெரிய ஸ்டேடியம் கிடைத்தால் அதைத்தானே எடுக்க வேண்டும்? சின்ன ஊருக்கு ஏன் ஆட்டம் கொடுக்கிறார்கள்? (விளையாட்டு ஆசிரியை, திருமங்கலம்)

ஐந்நூறு பேர் வரும் கல்யாணத்துக்கு ராஜா முத்தையா மன்றத்தைப் பிடித்தால் எப்படி இருக்கும்? வந்தவர்கள் மூலைக்கு மூலை சிதறி உட்கார்ந்து, கூட்டமே இல்லாத கல்யாணம் என்று பேசிவிட்டுப் போவார்கள். அதே ஐந்நூறு பேரைத் தெருமுக்கு மண்டபத்தில் உட்கார வைத்தால் திருவிழா.

2000-ஆம் ஆண்டு உலகக்கோப்பையில் இதுதான் நடந்தது. தொடக்க ஆட்டத்தை லண்டனில் டுவிக்கன்ஹாமில் வைத்தார்கள். அது யூனியன்காரர்களின் தாய்வீடு. ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மோதிய அன்று கொட்டும் மழை. எழுபதாயிரத்துக்கு மேல் உட்காரக்கூடிய இடத்தில் வந்தது சுமார் 34 ஆயிரம் பேர். போதாததற்கு அந்த மாதம்தான் ஹாட்ஃபீல்டில் ரயில் தடம் புரண்டு, நாடு முழுக்க ரயில்களை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வடக்கே இருந்து வர வேண்டியவன் எப்படி வருவான்? 34 ஆயிரம் என்பது சின்னக் கூட்டம் இல்லை. ஆனால் டிவியில் தெரிந்தது காலி நாற்காலிதான்.

2013-இல் பாடம் படித்துவிட்டார்கள். எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ராச்டேல். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பழைய பஞ்சாலை ஊர், நம் ஊர் ஆட்களுக்குச் சொன்னால் உடனே புரியும் வகை. 1960-களின் தொடக்கத்தில் ஃபிஜியிலிருந்து ஆட்டக்காரர்களை அந்த ஊர்க் கிளப் வரவழைத்தது. ஐம்பது வருடம் கழித்து ஃபிஜி, அயர்லாந்து ஆட்டத்தை அதே ஊருக்குக் கொடுத்தார்கள். பத்தாயிரம் பேர் உட்காரும் மைதானம் கிட்டத்தட்ட நிறைந்தது. ராச்டேல்காரர்களுக்கு ஃபிஜி அன்னியம் இல்லை, வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி. வொர்க்கிங்டன் என்ற கடலோரச் சிற்றூரில் டோங்கா, ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு ஏழாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அதே போட்டியின் இறுதி ஆட்டம் மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டு கால்பந்து மைதானத்தில், 74,468 பேர்.

ஆக, பெரிய மைதானம் தப்பு என்று நான் சொல்லவில்லை. எந்த ஆட்டத்துக்கு எது என்று பார்க்க வேண்டும். 2022-இல் இங்கிலாந்து, சமோவா அரையிறுதியை லண்டன் எமிரேட்ஸ் மைதானத்தில் வைத்தார்கள். சுமார் 40 ஆயிரம் பேர் வந்தும் மூன்றில் ஒரு பங்கு காலி. அதையே வடக்கே வைத்திருந்தால் என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ரக்பி லீக் ஆட முடியுமா? புது ஹாக்கி டர்ஃப் இருக்கிறதே? (வாசகர், நரிமேடு)

டர்ஃபை முதலில் தள்ளி வையுங்கள். ஹாக்கி ஆடுகளம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். ரக்பி லீக்குக்கு அகலமே 68 மீட்டர் வேண்டும். அப்புறம் ஹாக்கி டர்ஃப் குட்டை முடி, தண்ணீர் தெளித்து ஆடுவது. அதில் ஒருவனைக் கட்டிப் பிடித்துத் தள்ளினால் முழங்கைத் தோல் தரையோடு போய்விடும். ரக்பிக்கு ஏற்ற செயற்கைப் புல் வேறு. நீள முடி, அடியில் ரப்பர்த் துகள்.

சரி, ஓட்டப்பந்தய டிராக்குக்கு நடுவே உள்ள இடம்? இதில்தான் ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. ரேஸ்கோர்ஸ் என்றில்லை, உலகத்தில் எந்த 400 மீட்டர் டிராக்குக்கும் பொருந்தும். வழக்கமான அளவில் போட்ட டிராக்கில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.5 மீட்டர். உள்ளே அகலம் 73. அதற்குள் 68 மீட்டர் அகலத்துக்கு ஒரு செவ்வகம் போட்டுப் பாருங்கள். மூலைகள் வளைவில் முட்டுவதற்குள் கிடைக்கும் நீளம் ஏறக்குறைய 111 மீட்டர். கால்பந்துக்கு 105 போதும், அழகாக உட்காரும். ரக்பி லீக்குக்குக் கோல் கோட்டிலிருந்து கோல் கோட்டுக்கு 100 மீட்டர், அதற்கு அப்பால் இரு பக்கமும் இன்-கோல், அதாவது புள்ளிக்காகப் பந்தைத் தரையில் ஊன்றும் பகுதி, குறைந்தது ஆறாறு மீட்டர். மொத்தம் 112. ஒரே ஒரு மீட்டர் உதைக்கிறது! நான்கு மூலையும் டிராக்கின் மேல் ஏறிவிடும். அப்படிப் பந்தை ஊன்றுவதற்கு டிரை என்று பெயர். ஆட்டத்தின் அழகான டிரை எல்லாம் அந்த மூலையில்தான் விழும். ஓரத்தில் ஓடும் விங்கர் கொடிக்குப் பக்கத்தில் பாய்ந்து பந்தை ஊன்றும்போது அவன் நெஞ்சுக்குக் கீழே சின்தெடிக் டிராக் இருக்கக் கூடாது.

இதைக் காகிதத்தில் மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. சில வருடம் முன்பு மதுரைக்குத் தெற்கே ஓர் ஊரில், வேறொரு ஆட்டத்துக்காக மைதானம் பார்க்கப் போனேன். விண்ணப்பத்தில் எல்லா அளவும் சரியாக எழுதியிருந்தார்கள். நேரில் டேப்பைப் பிடித்தால், கடைசி நான்கு மீட்டர் நீளம் தாண்டும் மணல் குழிக்குள் இறங்குகிறது. "அதை மூடிரலாம் சார்" என்றார்கள். குழிக்கு இரண்டடி தள்ளி ஒரு மின்கம்பம். அதையும் மூடிவிட முடியாது, இல்லையா? அன்றைக்கே முடிவு பண்ணினேன், யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் டேப்பின் மறுமுனையை நானே பிடிப்பது என்று.

பெரிய இடங்களிலும் இந்தத் தொல்லை உண்டு. ஓல்ட் டிராஃபோர்டு கால்பந்துக்குக் கட்டியது. இன்-கோல் குட்டை, கோட்டைத் தாண்டியதும் தரை சரிந்து விளம்பரப் பலகையில் போய் முடியும். அங்கே இறுதி ஆட்டம் ஆடுகிறவன் டிரையும் போட வேண்டும், பலகையில் மோதாமல் நிற்கவும் வேண்டும்.

சிந்தாமணிப் பக்கம் தோனி திறந்து வைத்த கிரிக்கெட் மைதானம்? (ஆட்டோ ஓட்டுநர், வில்லாபுரம்)

இடம் தாராளமாகப் போதும். ஆனால் கிரிக்கெட் மைதானம் வட்டம், ரக்பி செவ்வகம். கேலரிக்கும் கோட்டுக்கும் நடுவே ஏகப்பட்ட வெற்றுப் புல். எலும்பு மோதும் சத்தம் கேட்க வேண்டிய ஆட்டத்தைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கும். நடுவே கிடக்கும் பிட்ச் மண்ணும் கல்லு மாதிரி. விழுகிறவன் பாடு கஷ்டம். அதைவிடப் பெரிய சிக்கல், பிட்ச் பராமரிப்பவர் உங்களை உள்ளேயே விட மாட்டார்.

கீழக்கரை ஜல்லிக்கட்டு அரங்கம் வருடத்தில் பல நாள் சும்மாதானே இருக்கிறது? (வாசகர், அலங்காநல்லூர்)

மாடு பிடிப்பதற்கு என்றே போட்ட களம் அது. வாடிவாசலிலிருந்து ஓடிவரும் காளைக்குக் கோல் கோடு தேவையில்லை. முழு ரக்பி அதில் அடங்காது. சின்னக் களத்து ஆட்டங்களுக்குப் பார்க்கலாம், கபடிக்குத் தோதாக இருக்கும் என்பது என் ஆசை. உள்ளே நடுவில் மேட் விரித்து, இரவு விளக்கில் ஒரு சர்வதேசக் கபடி. கேலரியில் ஐயாயிரம் பேர். நினைத்துப் பாருங்கள்.

மைதானம் தவிர வேறு என்ன பார்ப்பார்கள்? ஓட்டல், விமானம் எல்லாம் கணக்கா? (டிராவல்ஸ் நடத்துபவர், மாட்டுத்தாவணி)

உங்கள் தொழில்காரர்தான் இதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். பாதி மதிப்பெண் மைதானத்துக்கு வெளியேதான். ஒரு அணி என்றால் 24 வீரர்கள், பயிற்சியாளர்கள், மருத்துவர், மசாஜ் மேஜை, பெட்டி பெட்டியாகச் சாமான். ஒரே ஓட்டலில் எல்லோரும் தங்க வேண்டும். எதிரணி வேறு ஓட்டலில். ஆளுக்கு இரண்டு முட்டை என்று கணக்குப் போடும் சமையற்கட்டு அவர்களுக்குத் தாங்காது. ஆட்ட மைதானத்தில் தினமும் பயிற்சி நடத்தினால் புல் செத்துவிடும், அதனால் தனியாகப் பயிற்சி மைதானம் வேண்டும். இதில் மதுரைக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. கல்லூரி மைதானங்களுக்கு இங்கே பஞ்சம் இல்லை. தலையில் அடிபட்டால் ஸ்கேன் எடுக்கும் மருத்துவமனை எத்தனை நிமிடத்தில் என்று கேட்பார்கள். அங்கேயும் தேறிவிடுவோம்.

இடிப்பது விமானம். மதுரை ஓடுபாதை 2,300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கொழும்பு, துபாய் என்று நேர் விமானம் இருக்கிறது, ஆனால் சிட்னியிலிருந்து வரும் அகல உடல் விமானம் இங்கே இறங்காது. சென்னையில் மாறித்தான் வர வேண்டும். அதனால்தான் ஹாக்கியில் நடந்த மாதிரி, குரூப் ஆட்டங்களில் ஒரு பங்கு மதுரைக்கு, இறுதி ஆட்டம் சென்னைக்கு என்ற ஏற்பாடு நியாயமானது. இதில் மனத்தாங்கலுக்கு இடமில்லை. ஆட்டங்களை அட்டவணை போடும்போது ஓர் அணியை இங்கே இறக்கினால் குரூப் முடியும் வரை இங்கேயே வைத்திருக்க வேண்டும். இன்றைக்கு மதுரை, மறுநாள் சென்னை என்று பந்தாடினால் பஸ் பயணமே அவர்களைத் தோற்கடித்துவிடும்.

ரக்பி லீக் உலகக்கோப்பை அக்டோபர், நவம்பரில் நடக்கிறது. நமக்கு ஒத்துவருமா? (வாசகர், மேலூர்)

வராது. நமக்கு வருடத்திலேயே அதிகம் பெய்வது அக்டோபரில்தான். ஆட்டம் மழையிலும் நடக்கும், அது பிரச்சினை இல்லை. வாகனம் நிறுத்தும் களிமண் தரைதான் பிரச்சினை. ஜனவரி, பிப்ரவரி என்றால் பேசலாம். சித்திரையில் கேட்டு வராதீர்கள். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் ஊரில் ஓட்டல் அறையும் கிடைக்காது, போலீசும் கிடைக்காது.

ஒருமுறை கொடுத்த போட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களா? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், உசிலம்பட்டி)

கொடுத்தவர் வாங்குவதைவிட, வாங்கியவரே திருப்பிக் கொடுப்பதுதான் நடக்கிறது. 1954-இல் முதல் ரக்பி லீக் உலகக்கோப்பையை நடத்தியதே பிரான்ஸ். 2025 போட்டியும் அவர்களுக்குத்தான் போயிருந்தது. நடுத்தர ஊர்கள் பலவற்றுக்கும் பிரித்துக் கொடுப்பது என்று அருமையான திட்டம். நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அரசாங்கம் கையெழுத்துப் போடத் தயாராக இல்லை. 2023 மே மாதம் விலகிவிட்டார்கள். போட்டி 2026-க்குத் தள்ளிப்போய், ஆஸ்திரேலியா கைக்கு மாறியது. பாப்புவா நியூ கினியாவின் போர்ட் மோர்ஸ்பிக்கும் பங்கு உண்டு. அங்கே ரக்பி லீக்தான் தேசிய ஆட்டம். 2017-இல் அவர்கள் அணியின் மூன்று குரூப் ஆட்டங்களும் சொந்த ஊரில் நடந்தன. சுமார் 15 ஆயிரம் பேர் கொள்ளும் மைதானம்தான், ஆனால் வேலிக்கு வெளியேயும் மரத்திலும் இருந்தவர்களை யார் எண்ணினார்கள்?

மாநில அரசோ மாநகராட்சியோ கேட்க வேண்டிய முதல் கேள்வி, உத்தரவாதக் காகிதத்தில் யார் கையெழுத்து என்பதுதான். வண்ண விளக்கப்படம் எல்லாம் அப்புறம்.

சக்கர நாற்காலி ரக்பியும் உண்டாமே? (வாசகி, கே.கே. நகர்)

உண்டு, அபாரமான ஆட்டம். 2022-இல் ஆண்கள், பெண்கள், சக்கர நாற்காலி மூன்றையும் ஒரே சமயத்தில் நடத்தினார்கள். இறுதி ஆட்டம் மான்செஸ்டரில், ஒரு காலத்தில் ரயில் நிலையமாக இருந்த மண்டபத்தில். இங்கிலாந்து 28-24 என்று பிரான்சை வென்றது. இதற்கு உள்ளரங்கும் கெட்டியான தரையும் போதும், எனவே மதுரைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது இதுதான் என்பேன். ஆனால் ஒரு அரங்கைப் பார்க்கப் போனால் நான் களத்தைப் பார்க்க மாட்டேன். நேரே கழிவறைக்குப் போய்க் கதவின் அகலத்தை அளப்பேன். அப்புறம் பஸ் நிற்கும் இடத்திலிருந்து அங்கே வரை எத்தனை படி என்று எண்ணுவேன். நம் ஊரில் சாய்தளம் இருக்கும். அதன் தலைமாட்டில் ஒரு பைக்கும் நிற்கும்.

உலகக்கோப்பை வந்தால் வாசலில் ஜிகர்தண்டா கடை போடலாமா? (பெயர் வேண்டாம் என்றவர், கீழவாசல்)

உள்ளே முடியாது. பானம் விற்க ஒரு நிறுவனம் பணம் கட்டியிருந்தால், மைதானத்துக்குள் வேறு பெயர்ப் பலகையே தெரியக் கூடாது என்பார்கள். சிலசமயம் சுற்றுப்புறத் தெருவுக்கும் அந்தக் கட்டுப்பாடு நீளும். ஒப்பந்தம் எழுதும்போதே உள்ளூர்க் கடைகளுக்கு இத்தனை இடம் என்று மாநகராட்சி கேட்டு வாங்க வேண்டும், பிறகு கெஞ்சிப் பயனில்லை. அதுவரை தள்ளுவண்டியைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துங்கள். கோடு எங்கே என்று அளக்க ஆள் வேண்டுமானால் டேப் என்னிடம் இருக்கிறது. கூலி ஒரு கிளாஸ், பாசந்தி கொஞ்சம் தூக்கலாக.