பிரசவம் வீட்டிலா, மருத்துவமனையிலா? வாசகர் கேள்விகள்

மகப்பேறு மருத்துவரும் செவிலிய மருத்துவச்சியும் இணைந்து பதில் அளிக்கிறார்கள்.

கேள்வி: எனக்கு இது தலைப்பிரசவம். 30 வாரம் முடிந்துவிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆஸ்பத்திரி என்றாலே எனக்குப் படபடப்பு. பயிற்சி பெற்ற மருத்துவச்சி ஒருவர் வீட்டுக்கு வரத் தயாராக இருக்கிறார். உடம்பில் எந்தக் குறையும் இல்லாத பெண் வீட்டிலேயே பெற்றுக்கொண்டால் என்ன?

முதலில் உங்கள் படபடப்பைப் பற்றி. அதை யாரும் சின்ன விஷயம் என்று தள்ளிவிட அனுமதிக்காதீர்கள். பயம் கூடினால் வலியின் வேகம் தளர்ந்துபோவது உண்டு. பழகிய அறை, தெரிந்த முகம், நிதானமான குரல் ஆகியவை பிரசவத்துக்கு உண்மையிலேயே உதவுகின்றன. ஆனாலும் தலைப்பிரசவத்துக்கு மருத்துவமனைக்கே போங்கள் என்றுதான் சொல்வோம். காரணம் இதுதான்.

சிக்கல் எதுவும் இல்லை என்று கணிக்கப்பட்ட சுமார் 64,000 பெண்களை வைத்து இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு 2011இல் வெளியானது. ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்களின் குழந்தைகளைப் பொறுத்தவரை வீடு, மருத்துவமனை இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களுக்கு சிசேரியனும் குறைவாகவே நடந்தது. தலைப்பிரசவத்தில் கணக்கு மாறியது. குழந்தையின் இறப்பு, மூளைப் பாதிப்பு, எலும்பு முறிவு போன்ற கடுமையான விளைவுகள் மருத்துவமனைப் பிரசவத்தில் ஆயிரத்துக்கு 5 என்றால், வீட்டுப் பிரசவத்தில் ஆயிரத்துக்கு 9. வீட்டில் பெற நினைத்த தலைப்பிரசவக்காரர்களில் 100க்கு 45 பேரை வலியின் நடுவிலோ குழந்தை பிறந்த கையோடோ மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியிருந்தது. முன்பே பெற்றவர்களில் இது 100க்கு 12தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே வீட்டுக்கு வந்தவர்கள் முறையாகப் படித்த மருத்துவச்சிகள். மருந்தும் கருவியும் கையில் இருந்தன. கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வரும், மருத்துவமனையும் தயாராக இருக்கும். இந்த ஏற்பாடு இல்லாத இடத்துக்கு மேலே சொன்ன நல்ல எண்கள் பொருந்தவே பொருந்தாது.

உடம்பில் குறை இல்லாதவருக்கு என்ன வந்துவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்தப்போக்கு வரலாம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் போய்வருகிறது. குழந்தை பிறந்தபின் நஞ்சுக்கொடி (நஞ்சு) கழன்றதும் அந்த இடத்தில் வாய் திறந்திருக்கும் ரத்தக் குழாய்களை, கருப்பைத் தசை இறுகித்தான் அடைக்க வேண்டும். தசை சோர்ந்துபோனால் ரத்தம் நிற்காது. நீண்ட வலி, பெரிய குழந்தை, இரட்டைக் குழந்தை, முன்பே ரத்தசோகை என்று சில காரணங்களை முன்கூட்டிச் சொல்லலாம். ஆனால் ரத்தப்போக்கு ஏற்படும் பெண்களில் பலருக்கு இவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. ஒன்பது மாதப் பரிசோதனையும் சரியாக இருப்பது, பத்தாவது மாதம் எப்படி முடியும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

கேள்வி: முதல் குழந்தை சிசேரியனில் பிறந்தது. இரண்டாவதைச் சுகப்பிரசவமாகப் பெற வேண்டும் என்று ஆசை. மருத்துவமனைக்குப் போனால் மறுபடியும் கத்திதான் என்கிறார்கள். வீட்டில் முயலலாமா?

வேண்டாம். கீழ்ப்பகுதியில் குறுக்காகப் போட்ட தையல் ஒன்று மட்டும் இருந்தால், வலி வந்த பெண்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்கு அந்தத் தழும்பு பிரியலாம். எண் சிறியதுதான். ஆனால் பிரிந்துவிட்டால் சில நிமிடங்களில் குழந்தையை வெளியே எடுக்க வேண்டும். முதல் அறிகுறி பெரும்பாலும் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குவதுதான், வயிற்று வலி அல்ல. தொடர்ந்து கண்காணிக்காவிட்டால் அது யாருக்கும் தெரியாது.

உங்கள் ஆசையை விட வேண்டியதில்லை. முன் சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவத்துக்கு முயலும் மருத்துவமனைகள் இருக்கின்றன. இரவு பகலாக அறுவை அரங்கு, மயக்க மருத்துவர், ரத்தம் மூன்றும் இருக்கிறதா என்று கேட்டுத் தேர்ந்தெடுங்கள். பழைய அறுவையின் குறிப்பைக் கையில் கொண்டுபோங்கள். கருப்பையில் எந்தப் பக்கமாகக் கீறினார்கள் என்பது அதில்தான் இருக்கும். வெளித்தோலின் தழும்பைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

இரட்டைக் குழந்தை, தலை திரும்பாத குழந்தை, கீழே இறங்கிய நஞ்சு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கடும் ரத்தசோகை, போன பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, 37 வாரத்துக்கு முன் வரும் வலி, 42 வாரம் தாண்டிய கர்ப்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் இதே பதில்தான்.

கேள்வி: மனைவிக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் எளிதான சுகப்பிரசவங்கள். வீட்டில் பெறவே விரும்புகிறாள். வரப்போகும் மருத்துவச்சியிடம் நான் என்ன கேட்க வேண்டும்?

நல்ல கேள்வி. இதை நிறையப் பேர் கேட்பதே இல்லை.

எத்தனை பேர் வருவீர்கள் என்று முதலில் கேளுங்கள். பிறந்த நிமிடத்தில் பார்க்க வேண்டிய உயிர்கள் இரண்டு. அதனால் பயிற்சி பெற்றவர்களும் இரண்டு பேர் வேண்டும்.

அடுத்து, “குழந்தை அழாவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டு, அப்போதும் மூச்சு வராவிட்டால் ஒரு நிமிடத்துக்குள் பையும் முகமூடியும் வைத்துக் காற்று செலுத்துவேன் என்பதுதான் சரியான பதில். பச்சிளம் குழந்தைக்கான அளவில் முகமூடி இருக்கிறதா என்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தலைகீழாகப் பிடித்துத் தட்டுவேன் என்று பதில் வந்தால் அவர் வேண்டாம்.

மூன்றாவது, ஆக்சிடோசின் ஊசி. குழந்தை பிறந்தவுடன் தாயின் தொடையில் 10 யூனிட் போட்டால் ரத்தப்போக்கின் ஆபத்து வெகுவாகக் குறையும். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். வெயிலில் பையோடு சுற்றிய மருந்து வீரியம் இழந்திருக்கும், அதைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஒன்றை மிகக் கண்டிப்பாகச் சொல்கிறோம்: வலியை வேகப்படுத்த என்று குழந்தை பிறப்பதற்கு முன் இதே ஊசியை வீட்டில் போட யாரையும் விடாதீர்கள். வலி இடைவெளியின்றி இறுகி, குழந்தைக்கு ஆக்சிஜன் போவது தடைபடும், கருப்பையே கிழியலாம்.

குழந்தையின் துடிப்பை எத்தனை நேரத்துக்கு ஒருமுறை கேட்பார் என்பதும் முக்கியம். வலி நன்றாகப் பிடித்த பிறகு 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் கேட்க வேண்டும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இயல்பு.

கடைசியாக வண்டி. மருத்துவமனை 10 நிமிடத் தூரம் என்று மனக்கணக்கு போடாதீர்கள். போகலாம் என்று முடிவெடுப்பது, வண்டி வருவது, மாடிப்படியில் இறக்குவது, பயணம், அங்கே சேர்ப்பது, அரங்கு தயாராவது எல்லாவற்றையும் கூட்டுங்கள். அரை மணியைத் தாண்டினால் வீட்டுப் பிரசவத்தை மறுபடி யோசியுங்கள். எப்போது கிளம்புவது என்பதையும் முன்பே பேசி எழுதிவையுங்கள்: பனிக்குடத் தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தால் (குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது), துடிப்பு மாறினால், காய்ச்சல் வந்தால், ரத்த அழுத்தம் 140/90ஐ எட்டினால், முக்க ஆரம்பித்து வெகுநேரமாகியும் குழந்தை இறங்காவிட்டால், ஊசி போட்டு அரை மணியாகியும் நஞ்சு விழாவிட்டால், ரத்தம் அரை லிட்டரை எட்டினால். இந்தப் பட்டியலை எழுதித் தர மறுப்பவரை நம்பி வீட்டில் இருக்காதீர்கள்.

கேள்வி: ஸ்கேனில் தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருப்பதாகச் சொன்னார்கள். சிசேரியன்தான் வழியா?

அதற்காக மட்டும் இல்லை. ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தை அப்படித்தான் பிறக்கிறது. தலை வெளியே வந்ததும் கொடியைத் தளர்த்தி எடுத்துவிடுவார்கள். பிரசவத்தின்போது துடிப்பு இறங்குகிறதா என்பதுதான் முடிவு செய்யும்.

கேள்வி: மருத்துவமனை என்று முடிவாகிவிட்டது. ஆனால் என் அக்காவை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றை மேலிருந்து அமுக்கி, கேட்காமலே வெட்டித் தைத்தார்கள். துணைக்கு யாரையும் விடவில்லை. இதெல்லாம் தேவைதானா?

தேவையில்லை. உங்கள் அக்காவுக்கு நடந்தது வருத்தத்துக்குரியது. இப்படிப்பட்ட அனுபவங்களே பல பெண்களை வீட்டை நோக்கித் தள்ளுகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. பெண் விரும்பும் துணை பிரசவம் முழுக்க உடன் இருக்கலாம். நடக்கலாம், உட்காரலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், தனக்கு வாகான நிலையில் முக்கலாம். சிக்கல் இல்லாதவர் சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம். எல்லோருக்கும் எனிமா கொடுப்பதும், சவரம் செய்வதும், பிறப்புறுப்பில் கீறுவதும் கூடாது. வயிற்றை அமுக்கிக் குழந்தையைத் தள்ளுவதும் கூடாது.

34ஆவது வாரத்திலேயே இதையெல்லாம் ஒரே தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். வலிக்கு நடுவில் வாதாட முடியாது. “எத்தனை பேருக்குக் கீறுகிறீர்கள், எதற்காக?” என்று கேளுங்கள். எல்லாத் தலைப்பிரசவத்துக்கும் என்று பதில் வந்தால், வேறு இடம் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறது. கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் விட்டு வெட்டுவதையும், குழந்தையை உடனே மார்பில் போடுவதையும் சேர்த்து எழுதுங்கள்.

எப்போது போவது என்பதும் பெரிய விஷயம். கருப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் வலி முழு வேகம் பிடிக்கிறது. விட்டு விட்டு வரும் ஆரம்ப வலியிலேயே போய்ப் படுத்துவிட்டால், “இன்னும் முன்னேறவில்லை” என்று ஊசி, குளுக்கோஸ் என ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கிவிடும். முன்பே பேசிவைத்துக்கொண்டு, வலி ஒழுங்காகவும் நெருக்கமாகவும் வரும்வரை வீட்டிலேயே நடமாடலாம். தண்ணீர் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, அசைவு குறைந்தாலோ மட்டும் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

மறுக்கக் கூடாதவையும் உண்டு: துடிப்பைக் கேட்பது, பிறந்தபின் தாய்க்குப் போடும் ஆக்சிடோசின், குழந்தைக்குப் போடும் வைட்டமின் கே ஊசி, முதல் 24 மணி நேரக் கண்காணிப்பு.

கேள்வி: கிளம்புவதற்குள் வீட்டிலேயே குழந்தை வந்துவிட்டால்?

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேச்சைத் துண்டிக்காமல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கையைச் சோப்பால் கழுவி, சுத்தமான துணிகளை எடுத்துவையுங்கள். தலை தெரியும்போது முக்குவதை நிறுத்தி, வாயால் ஊதி ஊதி மூச்சுவிடச் சொல்லுங்கள். தலை மெதுவாக வந்தால் கிழிசல் குறையும். தலையை உள்ளங்கையால் தாங்கினால் போதும், பிடித்து இழுக்கவே கூடாது. குழந்தை வழுக்கும், கவனம்.

பிறந்ததும் தலை முதல் கால்வரை துடைத்து, ஈரத்துணியை அகற்றி, தாயின் வெற்று மார்பில் போட்டு இருவரையும் உலர்ந்த துணியால் மூடுங்கள். தலையையும் மூடுங்கள். குளிப்பாட்ட வேண்டாம். கொடியை வெட்ட அவசரமே இல்லை. வீட்டுக் கத்தி, பிளேடு எதுவும் வேண்டாம். நஞ்சு தானாக விழுந்தால் ஒரு பையில் போட்டுக் குழந்தையோடு சேர்த்தே வையுங்கள். கொடியைப் பிடித்து இழுத்தால் கருப்பையே வெளியே புரண்டு வரலாம்.

மூச்சு வராவிட்டால் முதுகை அழுத்தமாகத் தேய்த்துவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தலையை நேராக வைத்து, குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் நிற்கும் அளவு காற்றை மட்டும் மெல்ல ஊதுங்கள். நெஞ்சு உயர்கிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை ஊத வேண்டும்.

குழந்தைக்கு முன்னால் கொடி வெளியே தெரிந்தால் நிலைமை வேறு. தாய் முழங்காலும் மார்பும் தரையில் படக் குனிந்து, இடுப்பை உயர்த்தி வைத்திருக்க வேண்டும். கொடியை உள்ளே தள்ளாதீர்கள்.

நஞ்சு விழுந்தபின் தொப்புளுக்குக் கீழே கருப்பை பந்துபோல் கெட்டியாக இருக்க வேண்டும். மெத்தென்று இருந்தால் வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள், குழந்தையைப் பால் குடிக்க விடுங்கள். இரண்டும் கருப்பையை இறுகச் செய்யும். 5 நிமிடத்துக்குள் ஒரு பேடு முழுக்க நனைந்தால் தேய்ப்பதை நிறுத்தாமலே வண்டியில் ஏற்றுங்கள். ரத்தம் நின்று, குழந்தையும் நன்றாக அழுதுவிட்டாலும் இருவரும் அன்றே மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும்.