வாசகர் கேள்வி – பதில்: ஜி லீக்குக்கு அனுப்பினால் தண்டனையா?

கேள்வி: டிராஃப்டில் 2-ஆவது இடத்தில் எடுத்த வைஸ்மனையே ஜி லீக்குக்கு அனுப்பினார்களே, அது அவமானம் இல்லையா? (வாசகர், ஈரோடு)

பதில்: அவமானமாகத் தெரிவது நமக்குத்தான். ஜி லீக் என்பது அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் வளர்ச்சி லீக்; டிராஃப்ட் என்பது என்பிஏ அணிகள் புதிய வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுப்பது. 2020-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் எடுத்த ஜேம்ஸ் வைஸ்மன் கல்லூரியில் ஆடியது மொத்தமே 3 ஆட்டம். என்பிஏவில் முதல் சீசனில் 39 ஆட்டம் ஆடியபின் முழங்கால் ஜவ்வு கிழிந்து, அடுத்த சீசன் முழுவதும் அங்கே ஆடவில்லை. வைஸ்மன் ஆடுவது சென்டர், அதாவது கூடைக்கு அருகில் நிற்கும் உயரமான வீரர்; அவருக்குப் பழக்கமே பாதி ஆட்டம். ஸ்கிரீன் (சக வீரரைத் துரத்தும் எதிராளியின் வழியில் நின்று மறைப்பது) வைத்துவிட்டு எப்போது கூடையை நோக்கி ஓடுவது, எதிரணி கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) பந்தோடு உள்ளே வரும்போது எவ்வளவு தூரம் பின்வாங்குவது என்பதெல்லாம் நூற்றுக்கணக்கில் தவறு செய்துதான் கைவரும். பட்டத்தைத் தக்கவைக்கப் போராடும் அணியில் அந்தத் தவறுகளுக்கு இடம் ஏது? அதனால்தான் 2022 நவம்பரில் கோல்டன் ஸ்டேட்டின் ஜி லீக் அணியான சாந்தா குரூஸ் வாரியர்ஸுக்குப் போனார். 2023 பிப்ரவரியில் அவரை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அனுப்பியதில் பிழையில்லை, அனுப்பியதுதான் தாமதம் என்பது எங்கள் கருத்து.

அதே அணியின் ஜோர்டன் பூலைப் பாருங்கள். 2019-இல் 28-ஆவதாக எடுக்கப்பட்டவர், முதல் சீசனில் ஷாட்டே விழாமல் திணறினார். 2021 தொடக்கத்தில் ஒர்லாண்டோவில் நடந்த ஜி லீக் சீசனுக்கு அனுப்பினார்கள். 11 ஆட்டம், சராசரி 22 புள்ளிக்கு மேல். மார்ச்சில் திரும்பினார். 2022-இல் பட்டம் வென்ற அணியில் ஸ்டெஃபன் கறிக்கு அடுத்த வரிசையில் நின்றார்.

கேள்வி: கீழே அனுப்பினால் சம்பளம் குறையுமா? வீரர் மறுக்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: குறையாது. என்பிஏ ஒப்பந்தம் அப்படியே ஓடும், அணியின் 15 பேர் பட்டியலிலும் அவர் பெயர் இருக்கும். 2022-23 சீசனில் வைஸ்மன் சம்பளம் சுமார் 96 லட்சம் டாலர். சாந்தா குரூஸில் அவரோடு ஆடிய சாதாரண ஜி லீக் வீரருக்கு சுமார் 40 ஆயிரம். மூன்று வருட அனுபவம் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் அனுப்பலாம், கூப்பிடலாம். காலையில் அனுப்பி மாலையே அழைப்பதும் சகஜம். அதற்கு மேல் அனுபவம் இருந்தால் வீரரின் சம்மதம் வேண்டும்.

டூ-வே ஒப்பந்தம் (என்பிஏ அணிக்கும் அதன் ஜி லீக் அணிக்கும் மாறி மாறி ஆடுவது) வேறு கணக்கு. 2017-இல் வந்தது. இப்போது அணிக்கு மூன்று பேர், என்பிஏவில் அதிகபட்சம் 50 ஆட்டம். வழக்கமான ஒப்பந்தமாக மாற்றாவிட்டால் ப்ளேஆஃபில் (சீசன் முடிவில் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகளில்) இறங்க முடியாது.

கேள்வி: கீழே போய் 25, 30 புள்ளி எடுப்பவர்கள் மேலே வந்ததும் காணாமல் போவது ஏன்? (வாசகர், சேலம்)

பதில்: நல்ல கேள்வி. கீழே அவர் கையில்தான் பந்து. மேலே அவர் வேலை மூலையில் நின்று, பந்து வந்தால் மூன்று புள்ளி ஷாட் போடுவது, எதிரணியின் சிறந்த கார்டை மறிப்பது. இரண்டும் வெவ்வேறு வேலை. பந்தை வைத்துக்கொண்டு ஆடியே 30 எடுத்தவருக்கு, ஆறு நிமிடம் பந்தைத் தொடாமல் ஓடிவிட்டு ஏழாவது நிமிடத்தில் கிடைக்கும் ஒரே ஷாட்டைப் போடத் தெரியாது. கால் சூடாகவே இருக்காது.

எனவே அனுப்பும் முன் கோச்சுகள் இரண்டே இரண்டு வேலையை எழுதிக் கொடுக்க வேண்டும். "ஸ்கிரீனைச் சுற்றி வந்து நிற்காமல் ஷாட்", "எதிரணி பிக் அண்ட் ரோலில் (ஸ்கிரீன் வைத்தவர் உடனே கூடையை நோக்கி ஓடும் ஆட்டம்) ஸ்கிரீனுக்கு மேலாகப் போய் மறிப்பது" என்கிற அளவுக்குத் திட்டமாக. ஆட்டத்துக்கு 30 நிமிடமாவது இறக்க வேண்டும். கீழ் அணியும் அதே ஆட்டத் திட்டங்களை அதே பெயர்களில் ஆட வேண்டும். இல்லையென்றால் திரும்பி வந்ததும் பாதியை மறுபடி படிக்க வேண்டியிருக்கும். மறுநாள் வீடியோவில் அந்த இரண்டு வேலையை மட்டும் பார்த்தால் போதும், புள்ளிப் பட்டியலை மூடி வைத்துவிடலாம். டங்கன் ராபின்சன் 2018-19-இல் மயாமியின் ஜி லீக் அணியான சூ ஃபால்ஸில் செய்ததும் மயாமியில் செய்யப்போவதும் ஒன்றுதான்: ஓடு, திரும்பு, எறி. அடுத்த சீசனில் மயாமிக்காக 270 மூன்று புள்ளி ஷாட்.

இன்னொரு கோளாறு: இரண்டு நாள் இங்கே, மூன்று நாள் அங்கே என்று இழுத்தடிப்பது. மேலே உட்கார்ந்திருப்பான், கீழே அணியோடு பழகியிருக்க மாட்டான். மேல் அணியில் யாருக்காவது காயம் என்றால் இது தவிர்க்க முடியாதது. மற்றபடி தொடர்ந்து எட்டு, பத்து ஆட்டமாவது ஆடவிடுவதே முறை.

கேள்வி: நம் சத்னாம் சிங்கையும் இப்படித்தான் அனுப்பினார்களா? (வாசகர், கோவை)

பதில்: இல்லை. 2015-இல் டல்லஸ் மாவெரிக்ஸ் 52-ஆவதாக எடுத்தது; என்பிஏ ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. டல்லஸின் வளர்ச்சி லீக் அணியான டெக்சாஸ் லெஜெண்ட்ஸில் அவர் ஆடியது வளர்ச்சி லீகின் சொந்த ஒப்பந்தத்தில், அந்தச் சம்பளத்தில். மேலிருந்து அனுப்பப்படவில்லை என்பதால் மேலே திரும்ப அழைப்பு என்ற பேச்சும் இல்லை.