இன்றைய ஸ்போர்ட்டி கார்களிலும் மின்சாரக் கார்களிலும் ஓட்டும் சுகம் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் விளம்பரங்கள் காட்டும் இடத்தில் இல்லை. நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை எத்தனை நொடியில் தொடுகிறது என்பதையே நிறுவனங்கள் இன்று முன்னிறுத்துகின்றன. 2024இல் இந்தியாவுக்கு வந்த பிஒய்டி சீல் காரின் உயர்ந்த ரகம், 530 குதிரைத்திறனைக் கொண்டு 3.8 நொடியில் அந்த வேகத்தை எட்டிவிடும். நாகர்கோவிலில் குடியிருக்கும் எனக்கு அந்த எண்ணால் பெரிய பயன் எதுவும் இல்லை. ஆரல்வாய்மொழி தாண்டி, முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே போகும் நான்குவழிச் சாலையில் ஆக்சிலரேட்டரை ஒருமுறை முழுதாக மிதித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளைக்குப் போகும்போது, கடைகளும் வீட்டு வாசல்களும் சாலையை ஒட்டியே இருக்கும் ஊர்களின் ஊடே பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்து செல்பவருக்கு, 530 குதிரைத்திறனும் 80 குதிரைத்திறனும் ஒன்றுதான்.

எனவே ஒரு காரைப் பற்றி நான் கருத்துச் சொல்வதென்றால், குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குச் செல்வது போன்ற சாலைகளை மனத்தில் வைத்தே சொல்வேன். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறியும் இறங்கியும் வளையும் அச்சாலைகளில் 40 முதல் 60 கி.மீ. வரையிலான வேகமே போதுமானது. அந்த வேகத்தில், வண்டியின் எடை வளைவில் எந்தப் பக்கம் சாய்கிறது, முன்சக்கரங்கள் சாலையைப் பிடித்திருக்கின்றனவா வழுக்கத் தொடங்குகின்றனவா என்பதை ஸ்டியரிங் கைக்குச் சொல்ல வேண்டும். மறைமலைநகரில் தயாராகி 2005இல் வந்த ஃபோர்டு ஃபியஸ்டா 1.6, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கின் உதவியால் இதைத் தெளிவாகச் சொன்னது. இன்றைய கார்களில் பெரும்பாலானவை மின்மோட்டாரின் துணையோடு ஸ்டியரிங்கைத் திருப்புகின்றன; நகர நெரிசலில் அது மிக இலகுவாக இருக்கும், வளைவிலோ பெரும்பாலும் வாயே திறக்காது. ‘ஸ்போர்ட்’ பொத்தானை அழுத்தினால் கனம் கூடுகிறதே தவிர உணர்வு கூடுவதில்லை.

பெட்ரோல் கார்களில் ‘ஸ்போர்ட்டி’ என்ற பெயர் இப்போது சிவப்புத் தையல் போட்ட இருக்கைக்கும் கறுப்பு நிறக் கூரைக்கும்கூடக் கிடைத்துவிடுகிறது. 2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. கூடுதல் காற்றை உள்ளே தள்ளித் திறனைக் கூட்டும் 1 லிட்டர் டர்போ எஞ்சினில் 120 குதிரைத்திறனும், சாலை அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனில் சற்றே கூடுதல் இறுக்கமும் அதில் இருந்தன. எனினும் ஓட்டுவதற்கென்றே வந்ததாகச் சொல்லப்பட்ட அந்தக் காரை முதலில் கிளட்ச் பெடலே இல்லாமல் விற்றார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. முழுமையான மேனுவல் கியர் 2023இல்தான் வந்தது.

மின்சாரக் கார்களுக்கு வருவோம். மோட்டாரின் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, சக்கரம் சுழலத் தொடங்கும் கணத்திலேயே முழுதாகக் கிடைத்துவிடுவதால், ஏற்றத்தில் முன்னே செல்லும் லாரியைத் தாண்டும்போது கியர் இறக்கி, டர்போ விழித்தெழும் வரை காத்திருக்கும் தவிப்பு இல்லை. அதே குணம் மழைக்காலத்தில் பாதகமாகவும் மாறும். டாடா நெக்ஸான் மின்காரின் 2020 மாடலில் 245 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை முழுவதும் முன்சக்கரங்களுக்கே போகும். மழையில் நனைந்த ரப்பர் இலைகள் ஒட்டிக்கிடக்கும் ஏற்றத்தில் அதைச் சற்று அழுத்தி மிதித்தால், சக்கரம் பிடிப்பின்றிச் சுழன்று வண்டி தயங்கித் தயங்கி ஏறும். மஹிந்திரா பிஇ 6 பின்சக்கர இயக்கத்தைத் தேர்ந்தெடுத்தது இந்த வகையில் சரியான முடிவு. ஆனால் அதன் அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், பழைய மாருதி 800 வெறும் 1.44 மீட்டர். மலையோரக் கிராமச் சாலைகளில் எதிரே ஜீப் வந்தால், ஓட்டும் சுகத்தை மறந்து பக்கக் கண்ணாடியை மடக்கத்தான் நேரம் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இறக்கம்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கேரள எல்லையைக் கடந்து பொன்முடி மலைக்குப் போவது வழக்கம். 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது, கணக்குப்படி ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரத்துக்கு இணையான ஆற்றல் விடுபடுகிறது. பெட்ரோல் காரில் இதில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகி வீணாகும். மின்காரிலோ மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியின் வேகத்தைக் குறைப்பதால், காற்றுத்தடைக்கும் உராய்வுக்கும் போக மீதியில் நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சிறிது சிறிதாக எடுத்தே ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் வேகத்தை அளந்து குறைப்பது, கியர் மாற்றுவதற்கு ஈடான ஒரு திறமை என்பது என் கருத்து. பேட்டரி முழுமையாக நிறைந்திருந்தால் மட்டும் இந்த மீட்பு பிரேக்கிங் மட்டுப்பட்டுவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மேலும், சில கார்களில் மோட்டார் பிடிப்பும் உண்மையான பிரேக்கும் கைமாறும் இடத்தில் பெடல் திடீரென்று வேறு மாதிரி ஆகிறது. அங்கேதான் பொறியாளரின் கைத்திறன் தெரியும்.

ஸ்பீக்கர் வழியாகப் பொய்யான எஞ்சின் சத்தத்தையும், இல்லாத கியர் மாறுவது போன்ற குலுக்கலையும் தருகிற ஹூண்டாய் ஐயோனிக் 5 என் போன்ற முயற்சிகளைப் பலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் வெறுப்பில்லை. வேகத்தைக் காதால் அறிந்து பழகிய தலைமுறைக்கு அது உதவும். என் குறை எடையைப் பற்றியது. இரண்டு டன்னைத் தாண்டும் ஒரு காரை வளைவில் சுறுசுறுப்பாகக் காட்ட எத்தனை மின்னணு வித்தை செய்தாலும், அதன் சுமையை டயர்தான் தாங்கியாக வேண்டும்.

அதனால் என் தேர்வு சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். 24 யூனிட் பேட்டரியுடன் 2022இல் வந்த டாடா டியாகோ மின்காரில் இருப்பது 75 குதிரைத்திறன் மட்டுமே. ஆயினும் நாகர்கோவிலுக்குள் வடசேரியிலிருந்து கோட்டாறு வரையிலான நெரிசலில், இடைவெளி கிடைத்த இடமெல்லாம் நுழைந்து செல்ல அதைவிடக் குதூகலமான புதுக் காரை நான் காணவில்லை. நெடுந்தூரமும் வளைவும் உங்களுக்கு முக்கியம் என்றால், 150 குதிரைத்திறன் கொண்ட ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி பக்கம் போங்கள். எதை வாங்கினாலும், விற்பனையாளர் அழைத்துச் செல்லும் புறவழிச்சாலையோடு டெஸ்ட் டிரைவை முடித்துக்கொள்ளாமல், முடிந்தால் மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், ஏற்றமும் வளைவும் உள்ள சாலைக்குக் கொண்டுபோகக் கேளுங்கள்.